உழுறவன் பேர்ல கடன் குடுங்க

விழாத் தலைவர் அய்யா அவர்களே, முன் வரிசைல உக்காந்திருக்குற ஊராட்சிப் பெரியவங்களே, லீவு நாளுன்னும் பாக்காம வந்திருக்குற வேளாண்மைத் துறை அம்மா அவர்களே, வாடகை வாங்காம மண்டபத்தையும் குடுத்து காலைல எல்லாருக்கும் இட்லியும் போட்ட அண்ணன் அவர்களே, பின்னாடி நிக்கிற சகோதரிகளே, நாற்காலி கிடக்கும்மா உள்ள வந்து உக்காருங்க, வயல்ல நிக்கிறது போதும். பேரு யாராவது விட்டுப் போயிருந்தா பெரிய மனசு பண்ணணும், எல்லாருக்கும் வணக்கம்.

நெல்லுல லாபம் நிக்கிறதுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்னு பேசச் சொன்னாங்க. மூணு விஷயம் குறிச்சு வச்சிருக்கேன், ஒண்ணு வட்டி, ரெண்டு கடன் கைக்கு வர்ற நேரம், மூணு பயிர்க் காப்பீடு.

எங்க அப்பா அடிக்கடி சொல்லுவாரு, உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுன்னு. நான் கணக்கு பாத்தவன்ங்க. நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கேன். உழவு, விதை, நடவு ஆளு கூலி, டிஏபி, யூரியா உரம், களை, மருந்து, பெல்ட் மிஷின் அறுப்பு, எங்க பக்கம் ஏக்கருக்கு முப்பதாயிரம் தாராளமா ஆகுது. அந்த முப்பதாயிரம் எங்கேருந்து வருதுங்கறதுல தான் உழக்கு மிஞ்சுறதும் மிஞ்சாததும் இருக்கு. கூட்டுறவு சொசைட்டில பயிர்க்கடன் வாங்கி கெடுவுக்குள்ள கட்டினா நம்ம தமிழ்நாட்டுல வட்டியே கிடையாது. பேங்க்ல கிசான் கார்டுல, அதான் விவசாயிக்குக் குடுக்குற கடன் அட்டைல, வாங்கினா 7 சதவீதம், ஒழுங்கா கட்டினா 4. அதையே வெளில மாசம் நூத்துக்கு மூணு ரூபா வட்டிக்கு வாங்கினா வருஷத்துக்கு 36. ஒரே வாய்க்கா, ஒரே ரகம், ஒரே மகசூல், ஆனா பக்கத்துப் பக்கத்து வயல்ல ஒருத்தன் மிச்சம் பாக்குறான் ஒருத்தன் நகைய மீட்க முடியாம நிக்கிறான்.

எங்க பெரியப்பா மகன் கதைய சொல்றேன், அண்ணன் மூணு ஏக்கர் குத்தகைக்கு பாக்குறாரு, இருபது வருஷமா அவரு தான் உழுறாரு, அந்த வயல்ல எந்த மூலைல தண்ணி தேங்கும்னு இருட்டுல கூட சொல்லுவாரு. சம்பாவுக்கு கடன் கேட்டு சொசைட்டிக்கு போனா அடங்கல், அதான் எந்த வயல்ல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கங்குற கிராமக் கணக்கு, உங்க பேர்ல வேணும்னுட்டாங்க, கிராம நிர்வாக அலுவலர் விஏஓகிட்ட போனா பட்டா இருக்குறவங்க எழுதிக் குடுக்கட்டும்னாரு. நிலத்துக்காரங்க மெட்ராஸ்ல. அண்ணன் ராத்திரி பஸ் ஏறி, புது அரிசி ஒரு மூட்டையும் தோட்டத்து வாழைத்தார் ஒண்ணும் தூக்கிக்கிட்டு விடிகாலைல அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னாரு. அந்த அம்மா நல்லவங்க, காப்பி குடுத்து, தோசை சுட்டுப் போட்டு, பிள்ளைங்க படிப்பெல்லாம் விசாரிச்சாங்க. பேப்பர நீட்டினதும் அவங்க மகன் மட்டும் சொன்னாரு, "அண்ணே, உங்கள நம்புறேன், ஆனா கையெழுத்து போட்டா நாளைக்கு சட்டம் உங்க பக்கம்னு வக்கீல் சொல்றாரு"ன்னு. குத்தகைக்காரர சுலபமா வெளியேத்த முடியாதபடி 1955லயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு, அந்தப் பயம் தான். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, அரிசி மூட்டைய அங்கேயே வச்சுட்டு திரும்ப பஸ் ஏறிட்டாரு. வந்து அண்ணியோட தோட்டையும் செயினையும் அடகு வச்சு, மிச்சத்துக்கு உரக்கடைல கடன் சொல்லி, மொத்தம் 90,000, எல்லாம் மூணு வட்டி, ஏழு மாசம். வட்டி மட்டும் 18,900ங்க! இன்னும் முடியல. உரக்கடைக்காரர் தான் நெல் வியாபாரியும். அறுப்பன்னைக்கு அவரு லாரி வரப்போரம் நிக்குது. அரசு கொள்முதல் நிலையம் ஒரு கிலோமீட்டர் தூரத்துல இருக்கு, ஆனா அங்க நெல் போடவும் விஏஓ சான்று வேணும், இங்க கடனும் நிக்குது. குவிண்டாலுக்கு 250 கம்மியா 66 குவிண்டால போட்டாரு, அதுல 16,500 போச்சு. ரெண்டும் சேத்தா 35,400. அண்ணி அந்தத் தோட்ட இன்னும் காதுல போடல.

உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுன்னு எங்க அப்பா சொன்னது நிலம் இருந்தவனுக்கே, குத்தகைக்காரன் கணக்கு அதுக்கும் கீழ.

2025-26ல சன்ன ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையோட குவிண்டாலுக்கு 2,545 ரூபான்னு அரசு அறிவிச்சுது, நல்ல விஷயம், கைதட்டுவோம். 2021ல 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆச்சு, நன்றி சொல்வோம். ஆனா எங்க அண்ணன் பேர்ல சொசைட்டில கடனே இல்லையே, எத தள்ளுபடி பண்ணுவாங்க? அடகுக்கடை சீட்டுக்கு யாரு தள்ளுபடி குடுப்பா?

நேரத்தப் பத்தி ஒரு வரி, மேட்டூர் ஜூன் 12 தொறந்தா நாத்தங்காலுக்கு அப்பவே பணம் வேணும், ஆகஸ்ட்ல வர்ற கடன் குறுவைக்கு உதவாது. காப்பீடு பத்தி துறை அம்மா பேசுவாங்க, நான் விட்டுடறேன், ஏன்னா எனக்கு இந்தக் குத்தகை விஷயம் முக்கியம்.

வாய்மொழிக் குத்தகைக்காரங்களுக்கும் கிசான் கார்டு உண்டுன்னு ரிசர்வ் வங்கி விதிலயே இருக்கு. குத்தகைய பதிவு பண்ண 1969லேருந்து தனிச் சட்டமும் இருக்கு. பக்கத்துல ஆந்திராவுல 2011ல உழுறவனுக்கு கடன் தகுதி அட்டைன்னு குடுத்தாங்க, 2019ல புதுச் சட்டம் போட்டு நிலத்துக்காரர் சம்மதம் வேணும்னாங்க, அங்கயும் கையெழுத்துல வந்து தான் சிக்குச்சு. அதனால நாம கேக்குறது ஒண்ணு தான். நிலத்து உரிமைக்கும் இந்தக் கடனுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெளிவா எழுதி, இந்த சாகுபடிக்கு இந்த வயல உழுறது இவருன்னு விஏஓ நேர்ல பாத்து ஒரு சான்று குடுக்கணும், அத வச்சு சொசைட்டி கடன் தரணும், கொள்முதல் நிலையம் நெல்ல எடுக்கணும். நிலத்துக்காரங்களும் பயப்பட வேணாம், உழுறவனும் மெட்ராஸ் பஸ் ஏற வேணாம்.

தலைவர் அய்யா மணிய பாக்குறாரு, முடிச்சுக்கறேன். வாசல் பக்கம் மேஜைல ஒரு மனு வச்சிருக்கோம். குத்தகைக்கு பாக்குறவங்க எல்லாரும் பேரு, ஊரு, எத்தன மா நிலம் பாக்குறீங்கன்னு மட்டும் எழுதுங்க, நிலத்துக்காரங்க பேரு வேணாம். எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுக்க நம்ம பசங்க ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு நானே கொண்டு போறேன், கூட வர்றவங்க காலைல எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க.