கிரேக்கன் ஆன ஆங்கிலேயன்

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோவில் ஆங்கிலம் பேசும் வெளிநாட்டுக்காரருக்கு, முக்கியமாக அமெரிக்கருக்கு, 'கிரிங்கோ' என்று பெயர். சொல்கிற தொனியைப் பொறுத்து அது வசவாகவும் இருக்கும், செல்லக் கேலியாகவும் இருக்கும். நம் ஊர் 'வெள்ளைக்காரன்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் ஒரு கதை தயாராக இருக்கும். 1846 முதல் 1848 வரை மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் போர். பச்சைச் சட்டையில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்து மக்கள் 'கிரீன், கோ!' என்று கத்தினார்களாம். அதுவே கிரிங்கோ ஆனதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போரில் அமெரிக்கப் படை உடுத்தியது நீலம். அப்புறம், எதிரியை விரட்டுகிறவன் அவன் மொழியிலா கத்துவான்?

கதையை முடித்துவைப்பது ஓர் அகராதி. தெர்ரெரோஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் தொகுத்தது, போருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அச்சானது. ஸ்பானிய மொழி சரளமாக வராமல், ஒரு மாதிரி இழுத்துப் பேசும் அந்நியரை ஸ்பெயினின் மலாகா ஊரில் கிரிங்கோ என்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். மாட்ரிட்டில் அந்தப் பெயர் குறிப்பாக அயர்லாந்துக்காரர்களுக்காம்.

ஆக, விஷயம் சட்டையில் இல்லை, நாக்கில். ஸ்பானிய மொழியில் 'பெரோ' என்றால் 'ஆனால்'; ரகரத்தை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். இங்கிலாந்துக்காரர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும். ரகர றகரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய நமக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

சரி, வேர்? கிரேக்கனுக்கு ஸ்பானிய மொழியில் 'கிரியேகோ'. புரியாத பேச்சு எல்லாமே அவர்களுக்குக் கிரேக்கம். கிரியேகோ, கிரிகோ ஆகி, கிரிங்கோ ஆனது என்பதே அறிஞர்கள் பலர் ஏற்கும் விளக்கம். இதில் வேடிக்கை, புரியாததைக் கிரேக்கம் என்பது ஆங்கிலேயரின் வழக்கமும்தான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில்கூட வருகிறது. அடுத்தவனைச் சொன்ன வாய், தானே கிரேக்கன் ஆகிவிட்டது! அர்ஜென்டினாவிலோ குடியேறி வந்த இத்தாலியர்தான் கிரிங்கோ.

நமக்கு இது புதிதில்லை. நம் 'யவனர்' என்ற சொல்லும் அயோனியா என்ற கிரேக்க நாட்டுப் பெயரிலிருந்து வந்ததுதான். பிறகு ரோமரையும் அதே பெயரால் அழைத்தோம். முல்லைப்பாட்டில், பாசறையில் அரசன் தங்கும் இல்லத்தை அமைத்த யவனரைச் சொன்ன கையோடு, உள்ளே காவல் நிற்கும் மிலேச்சர் என்ற அந்நியரைப் புலவர் காட்டுகிறார்: நாக்கால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்கள். ஊமைகள் என்று பொருள் சொல்வதுண்டு. எனக்கென்னவோ அவர்கள் தமிழ் வராமல் கையைக் காலை ஆட்டிச் சமாளித்தவர்கள் என்றே தோன்றுகிறது.

நன்றி, வணக்கம்.