அழுத பிள்ளையும் ஆலங்கட்டி மழையும்

(டாலஸ் பகுதித் தமிழ்ச் சங்க விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே (ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் ஒரு மணி நேரமாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள்), தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய கணக்காயர் அண்ணன் அவர்களே, பின்னால் கேசரி கிண்டிக்கொண்டே காது கொடுக்கும் தன்னார்வலர்களே. போன வருஷம் பொருளாளரை விட்டுவிட்டேன், அதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பொருளாளர் அவர்களே, வணக்கம்.

காப்பீட்டுத் துறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, இந்த நாட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஏன் மாநிலங்கள் கண்காணிக்கின்றன. இரண்டு, ஐம்பது மாநிலமும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது எப்படி. மூன்று, நம் பிரீமியத்தைக் கணினி தீர்மானிக்கும் காலத்தில் நம் கதி என்ன. அதற்கெல்லாம் முன்னால் ஒரு பழமொழி: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் ஏறுகிற எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறேன் என்று வீட்டில் கிண்டல். இன்றும் சொல்வேன்.

முதல் விஷயத்துக்கு வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊருக்குப் போக வேண்டும். சாமுவேல் பால் என்ற ஏஜென்ட், மாநிலம் கேட்ட உரிமம் இல்லாமல் நியூயார்க் கம்பெனிகளின் தீ பாலிசியை அங்கே விற்றார். 50 டாலர் அபராதம் போட்டார்கள். மனிதர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார், 1869இல் அங்கேயும் தோற்றார். பாலிசி என்பது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வணிகமே அல்ல என்று தீர்ப்பு. 1944இல் அதே நீதிமன்றம், இல்லை, அது வணிகம்தான் என்று மாற்றிச் சொன்னது. மாநிலம் தாண்டிய வணிகம் என்றால் அதிகாரம் மத்திய அரசிடம் போய்விடுமே, மாநிலங்கள் பதறிவிட்டன. மறு வருஷமே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், மெக்காரன்-பெர்குசன் சட்டம் கொண்டுவந்து, சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பை மாநிலங்களிடமே விட்டது. இன்றும் உங்கள் காரோ வீடோ பற்றிய சண்டைக்கு வாஷிங்டன் போகத் தேவையில்லை. நம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் காப்பீட்டுத் துறை போதும்.

இரண்டாவது, ஒத்துப்போவது. அதற்கும் ஒரு சங்கம்தான். 1871இல் நியூயார்க் மாநில அதிகாரி ஜார்ஜ் மில்லர் மற்ற மாநில அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். அதுதான் இன்று என்.ஏ.ஐ.சி. என்கிற தேசியக் காப்பீட்டு ஆணையர்கள் சங்கம். 50 மாநிலம், தலைநகர், 5 ஆட்சிப்பகுதிகள், மொத்தம் 56 உறுப்பினர்கள். தலைமையகம் கான்சஸ் சிட்டி. இந்தச் சங்கத்தால் சட்டம் போட முடியாது. மாதிரிச் சட்டம் எழுதும், அதை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் எடுத்துக்கொண்டால் உண்டு. அப்புறம், ஒவ்வொரு மாநிலத் துறையும் கம்பெனிகளின் நிதி நிலையை ஒழுங்காகச் சோதிக்கிறதா என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பார்த்து அங்கீகாரம் தரும். அதை நம்பித்தான், சொந்த மாநிலம் சோதித்த கம்பெனியை மற்ற மாநிலங்கள் திரும்பச் சோதிக்காமல் விடுகின்றன.

இந்தச் சங்கம் செய்யும் இன்னொரு வேலைக்காகத்தான் நான் இன்று வந்தேன். மாநிலங்களுக்கு வரும் புகார்களைத் திரட்டி, கம்பெனிவாரியாகப் புகார்க் குறியீடு போடுகிறது. வாங்கும் பிரீமியத்துக்கு ஏற்ற அளவு புகார் வந்தால் குறியீடு 1. இரண்டு மடங்கு வந்தால் 2. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இப்போது நம் கதையை யோசியுங்கள். கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்தி போட்டுத் திட்டுகிறோம். 'போனால் போகட்டும், யார் அலைவது' என்று விட்டுவிடுகிறோம். துறைக்கு ஒரு வரி எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் நீங்கள் யார்? குறையே இல்லாத வாடிக்கையாளர்! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் அய்யா.

ஒரு தனி ஆள் குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். எலிசர் ரைட். கணிதப் பேராசிரியராக இருந்தவர், அடிமை முறைக்கு எதிராக மூச்சுவிடாமல் போராடியவர். 1844இல் லண்டன் போகிறார். ராயல் எக்ஸ்சேஞ்சில் ஏலம் நடக்கிறது. நம்மூர் சந்தையில் மாடு ஏலம் விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஏலம்? வயதானவர்களின் ஆயுள் பாலிசி! வருஷக்கணக்காகப் பிரீமியம் கட்டியவர்கள், முதுமையில் கையில் காசு இல்லை. கட்டுவதை நிறுத்தினால் கம்பெனி ஒரு காசு திருப்பித் தராது, கட்டியதெல்லாம் போச்சு. அதனால் பாலிசியை வந்த விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவன் மீதிப் பிரீமியத்தைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். எதற்குக் காத்திருப்பான்? சொல்லுங்கள்... ஆமாம், இந்தக் கிழவர் எப்போது சாவார் என்று! பெரியவர் நன்றாக இருக்கிறாரா என்று அவன் விசாரித்தால் அதற்கு என்ன அர்த்தம்? அமெரிக்காவில் மனிதரை ஏலம் விடுவதை எதிர்த்தவருக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்!

ஊர் திரும்பினார். பின்னால் பாலிசிப் பணம் கொடுப்பதற்காகக் கம்பெனி எவ்வளவு கையிருப்பு வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக அட்டவணை போட்டார். மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தை விடாமல் தொந்தரவு செய்தார். 1858இல் கையிருப்புச் சட்டம் வந்தது, அவரையே காப்பீட்டு ஆணையராகவும் ஆக்கினார்கள். 1861இல், கட்டுவதை நிறுத்தினாலும் பாலிசி அடியோடு பறிபோகக் கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கு அவரைப் பிடிக்குமா? 1866இல் பதவி போயிற்று. அப்போதும் வாயை மூடவில்லை. ஊரில் அப்பா எல்.ஐ.சி. பாலிசியை சரண்டர் செய்யும்போது கைக்கு வருகிற தொகைக்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான்.

சரி, என் கதை சின்னது. போன ஏப்ரலில் எலுமிச்சம்பழம் அளவு ஆலங்கட்டி விழுந்தது, ஞாபகம் இருக்கும். என் கூரையைப் பார்க்க ஒருவர் வந்தார். பத்து நிமிஷம். 'இது பழைய தேய்மானம்' என்று எழுதிவிட்டுப் போனார். கம்பெனிப் பெயர் வேண்டாம். எதிர் வீட்டுக்காரருக்கும் அதே மழை, அதே கம்பெனி, அதே பதில். அவர் துறைக்குப் புகார் எழுதினார், மறு ஆய்வுக்கு வேறு ஆள் வந்தார், புதுக் கூரை வந்தது. நான் ஒரு மாதம் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தேன். பிறகுதான் எழுதினேன். எனக்கும் வந்தது, ஆனால் கூடத்துக் கார்ப்பெட் போனது போனதுதான்.

துறை நீதிமன்றம் அல்ல, எல்லாப் புகாரிலும் ஜெயிக்க முடியாது. ஆனால் கம்பெனி பதில் எழுதியே ஆக வேண்டும். இங்கே கெடுவும் உண்டு: பொதுவாக, கிளெய்ம் வந்ததை 15 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதமெல்லாம் கைக்கு வந்த பின் 15 வேலை நாளில் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். தருகிறோம் என்று சொன்னால் 5 வேலை நாளில் பணம்.

இப்போது எல்லோரும் மருத்துவ அட்டையை வெளியே எடுங்கள். நிஜமாகத்தான், எடுங்கள். அதில் டி.டி.ஐ. (டெக்சஸ் காப்பீட்டுத் துறை) அல்லது டி.ஓ.ஐ. (காப்பீட்டுத் துறை) என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா? இருந்தால் டெக்சஸ் துறை உங்களுக்குத் துணை. இல்லையா? பெரிய ஐ.டி. கம்பெனி அண்ணன்மார் பலருக்கு இருக்காது. உங்கள் நிறுவனமே தன் பணத்தில் நடத்தும் திட்டமாக இருக்கலாம். நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் சலுகைத் திட்டங்களுக்கான 1974இன் எரிசா என்ற மத்தியச் சட்டப்படி அது மாநிலத்தின் கைக்கு எட்டாது, மத்தியத் தொழிலாளர் துறையிடம் போக வேண்டும். தப்பான வாசலில் அழுதால் பால் வராது.

சங்கத் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். நகர மன்ற உறுப்பினரும் கடிகாரம் பார்க்கிறார். மூன்றாவது விஷயம் அடுத்த பொங்கலுக்கு.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அதே அறையில் உட்கார்ந்து புகார் எழுதப் போகிறோம். முதல்வர் அம்மா அறை தருவதாகத் தலையாட்டினார், எல்லோரும் பார்த்தீர்கள், இனி மாற்ற முடியாது. பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வரும்போது பாலிசியின் டிக்ளரேஷன் பக்கம் (பாலிசி விவரமெல்லாம் சுருக்கமாக இருக்கும் முதல் பக்கம்), மறுப்புக் கடிதம், எந்தத் தேதியில் யாரிடம் போனில் பேசினீர்கள் என்ற குறிப்பு, மூன்றும் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு நம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தட்டித் தருவார்கள். காபிக்குப் பொருளாளர் பொறுப்பு. அதற்காகத்தான் முதலிலேயே அவருக்குத் தனியாக வணக்கம் சொன்னேன்.