காய்ச்சல் விட்ட நாள்

(கல்லடியில் ஊர் நூலக மண்டபம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மாரே, உம்மாமாரே, பெரியவர்களே, பிள்ளைகளே,

டெங்கு வார்ட்டில் தாதியாக வேலை செய்த காலத்தில் ஒரு கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பயம் வரும். "மிஸ்ஸி, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுற்று. மறுகா எப்ப வீட்ட போகலாம்?" கேட்கிற தாயின் முகத்தில் அத்தனை நிம்மதி இருக்கும். நான் உடனே போய்ப் பிள்ளையின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரந்தான் ஆபத்து ஏறும் நேரம். அது ஏன் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் நோய் வரும் வழி. மூத்தவர்களுக்கு மலேரியா நினைவிருக்கும். அந்த நுளம்பு இராத்திரியில் கடிக்கும். வலைக்குள் படுத்தால் பெரும்பாலும் தப்பலாம். மலேரியாவை இலங்கையிலிருந்து நாம் விரட்டிவிட்டோம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் தந்தது. டெங்கு நுளம்பு வேறு சாதி. அது பகலில் கடிக்கும், விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்னும் கூடுதலாகக் கடிக்கும். தண்ணீர்த் தொட்டி, கூரைப் பீலி, முற்றத்துச் சிரட்டை, பிரிட்ஜின் பின்தட்டு, இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். மழைத்தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தும்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அந்த நுளம்புக்கு நோயைக் கொடுப்பதும் நாம்தான். காய்ச்சல்காரரைக் கடிக்கும்போது வைரஸ் அதன் வயிற்றுக்குள் போகிறது. 8 முதல் 12 நாளில் எச்சில் சுரப்பிக்கு வந்துவிடும். அதன் பிறகு சாகும்வரை அது கடிக்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும். தூரப் பறக்காது, சில நூறு மீற்றர்தான். ஆனால் காத்தான்குடி போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊரில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன! அதனால் காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நீங்கள் செய்யக்கூடிய உதவி அது.

சரி, கடித்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது? தோலுக்கடியில் காவலுக்கு நிற்கும் கலங்களுக்குள்ளேயே இந்த வைரஸ் புகுந்துவிடுகிறது. அவை நிணநீர் முடிச்சுக்குச் செய்தி கொண்டுபோகும்போது வைரசும் கூடவே போகிறது. 4 முதல் 10 நாளில் காய்ச்சல் அடிக்கும். அந்தச் சூடும், எலும்பை முறிப்பது போன்ற வலியும் உடம்பு போராடுவதன் அடையாளம். பிறகு வைரசை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் பெருகும், வைரஸ் குறையும், காய்ச்சல் இறங்கும்.

ஆனால் அந்தப் போராட்டத்தில் நம் கலங்கள் சுரக்கும் இரசாயனங்களும், வைரஸ் வெளியிடும் ஒரு புரதமும் சேர்ந்து இரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்திவிடுகின்றன. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகும். வயல் செய்கிறவர்களுக்கு நண்டுவளை தெரியும். வரம்பு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் மட்டும் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதேபோல இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கசியும். உள்ளே மிஞ்சும் இரத்தம் தடிக்கும், நாடி தளரும், கை கால் குளிரும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் இருக்கும். "பிளேட்லெட் எத்தனை?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வார்ட்டில் நாங்கள் அதோடு பி.சி.வி.யையும், அதாவது இரத்தத்தில் செங்கலங்களின் பங்கையும் பார்ப்போம், இரத்தம் தடிப்பதை அதுதான் காட்டும். "இன்னொரு சேலைன் போடுங்க மிஸ்ஸி" என்றும் கேட்பார்கள். வளை அடைபட்ட பிறகு கசிந்த தண்ணீர் திரும்பி வரும். அப்போது கூடுதலாக ஏற்றியிருந்தால் அது நுரையீரலை மூழ்கடிக்கும். அளந்துதான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெங்கு வைரஸில் 4 வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும் நீண்ட காலப் பாதுகாப்பு. சில வருசம் கழித்து வேறு வகை வந்தால், பழைய பிறபொருளெதிரி அதில் ஒட்டும், ஆனால் அழிக்காது. ஒட்டியதைப் பிடித்துக்கொண்டே வைரஸ் கலத்துக்குள் இன்னும் இலகுவாக நுழையும். இரண்டாம் முறை கடுமையாவதற்கு இது ஒரு காரணம். 2017இல் இந்த நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் 1ஆம் வகை மேலோங்கியிருந்தது. அந்த ஆண்டு 2ஆம் வகை வந்து விழுந்தது. "எனக்கு ஒருமுறை வந்துட்டு, இனிப் பயமில்லை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

என் தங்கச்சியின் மகனுக்கு 12 வயதில் வந்தது. 5ஆம் நாள் விடியக் காய்ச்சல் இல்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தான், வயிறு நோகுது என்றான், பிறகு பாயில் சுருண்டு படுத்துவிட்டான். "களைப்பு அக்கா, படுக்கட்டும்" என்றாள் தங்கச்சி. நான் பாதத்தைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. விடியலிலிருந்து சலம் போகவில்லை. முச்சக்கர வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வந்த நேரம் சரி என்றார் டொக்டர். இரண்டு நாள் மணிக்கணக்குப் பார்த்து மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவனாகவே புட்டும் மீன் சொதியும் கேட்டான். தங்கச்சி அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தொடங்கிய நேரத்தைக் கலண்டரில் பென்சிலால் எழுதுகிறோம். பனடோல் மட்டுந்தான், புரூபன், அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டும் என்பதால் தொடுவதில்லை. ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல், இளநீர், கஞ்சி கொடுத்துச் சலம் போவதைக் கவனிக்கிறோம். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்ட நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறோம். அந்த வட்டத்துக்குப் பிறகு வரும் இரண்டு இரவும் வீட்டில் யாராவது ஒருவர் விழித்திருப்போம்.