முதல் இடி கேட்டதும்

நேயர்களுக்கு வணக்கம். நடுக்கடலில் மின்னல் வெட்டினால் என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். அது கொஞ்சம் தாமதமான கேள்வி. சிறிய பாய்மரப் படகில் அந்த நேரத்தில் செய்யக்கூடியது குறைவு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் செய்யக்கூடியதுதான் நிறைய.

சுற்றிலும் தட்டையான நீர். நடுவில் 8 மீட்டரோ 10 மீட்டரோ உயரத்தில் நம் பாய்மரம், பெரும்பாலும் அலுமினியம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அதைவிட உயரமாக ஒன்றுமில்லை. அதை ஒளித்து வைக்கவும் வழியில்லை.

ஆகவே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கிப் பொங்கி உயரும் வெள்ளை மேகத்தின் தலை பட்டடைக்கல்லைப் போலத் தட்டையாக விரிந்துவிட்டால், அது இடிமேகம், முதிர்ந்தும் விட்டது. வெயில் நேரத்தில் திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் மேகம் கிட்டத்தில் வந்துவிட்டது என்று பொருள். இன்னொரு உளவாளியும் உண்டு. மத்திய அலையில் பாடும் சாதாரண ரேடியோ, தொலைவில் மின்னல் வெட்டும்போதெல்லாம் 'கரகர' என்று இரையும். இந்த உரையையே சிலர் அந்த இரைச்சலோடு கேட்டுக்கொண்டிருக்கலாம்!

அப்புறம், எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி ஆகும். மின்னலைப் பார்த்து 30 வினாடி கழித்து இடி கேட்டால் அது 10 கிலோமீட்டர் தொலைவு. தூரம்தானே என்று தோன்றும். ஆனால் மேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கால் மணி நேரத்தில் தலைக்கு மேல் நிற்கும். அதற்குள் நம் படகு 2 கிலோமீட்டர் போயிருந்தால் பெரிய விஷயம். மேகத்துக்கு நேர் கீழேதான் மின்னல் விழும் என்ற விதியும் கிடையாது. 10 கிலோமீட்டர் தள்ளியும் விழும். அதனால் என் கணக்கில், முதல் இடி கேட்டதுமே கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகாமல் மறுபடி கிளம்பக் கூடாது.

சரி, மாட்டிக்கொண்டோம். மின்னலோடு சூறைக்காற்றும் வரும், முதலில் பாயை இறக்குங்கள். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்கட்டும். அறை உள்ள படகென்றால் உள்ளே போய், பாய்மரத்தையும் அதைப் பிடித்து நிற்கும் கம்பிகளையும் விட்டு விலகி, தாழ்வாக உட்காருங்கள். இரண்டு உலோகப் பொருட்களை ஒரே நேரத்தில் தொடாதீர்கள். நடுவில் நீங்களே பாலமாகிவிடுவீர்கள். நீரில் கை விடவும் வேண்டாம். ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதை விரல் தடிமன் ரப்பரா தடுக்கும்?

இடிதாங்கி இருந்தால் மின்னல் விழாது என்பதும் அப்படித்தான். அது மின்னலைத் தடுப்பதில்லை, இறங்கிப் போக ஒரு வழி விடுகிறது. பாய்மர உச்சியிலிருந்து தடித்த செம்புக் கம்பி நேராக இறங்கி, நீருக்கு அடியில் உள்ள உலோகத் தகட்டில் சேர வேண்டும். தகடு நீளமும் அகலமும் குறைந்தது 30 சென்டிமீட்டர். கம்பியைச் சட்டென்று மடக்கினால் மின்சாரம் அந்த வளைவில் வெளியே பாய்ந்துவிடும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஏரியில் ஓட்டுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நன்னீர் உப்பு நீரைப்போல மின்சாரத்தைக் கடத்தாது. கடலுக்குப் போதுமான தகடு அங்கே போதாது.

மின்னல் தாக்கிய ஆளைத் தொடப் பலர் பயப்படுகிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள். இன்னொருவர் படகின் அடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கட்டும்.

திசைகாட்டியையும் சோதியுங்கள். ஒருமுறை, துறையில் ஆளில்லாமல் கட்டிக்கிடந்த எங்கள் படகில் மின்னல் இறங்கியது. கருகிய கருவிகளை மாற்றினோம். திசைகாட்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். அடுத்த பயணத்தில் அந்தி சாயும் வேளையில், நேர் எதிரே தெரிய வேண்டிய கலங்கரை விளக்கம் இடது தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

வணக்கம்.