குண்டு தானாக மலை ஏறுவதில்லை

(கார்கில் வெற்றி நாளையொட்டி மகளிர் கல்லூரி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய பேராசிரியை அம்மா "வீரமங்கை", "தியாகச் சுடர்" என்றெல்லாம் சொன்னார். அவருடைய அன்புக்கு நன்றி. ஆனால் நான் வேலூர் மாவட்டத்துக்காரி. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடாவது இருக்கும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பட்டாளத்துக்காரர் பெண்டாட்டியைப் பார்த்து யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். கைமாற்றுக் கேட்டால் முதல் தேதி பிறந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நம்பிக் கொடுப்பார்கள். அந்த மரியாதை எனக்குப் போதும். சுடர், விளக்கெல்லாம் வேண்டாம்.

கார்கில் என்றதும் உங்கள் கண்ணுக்கு முன் வரும் படம் எனக்கும் தெரியும். மலை உச்சியில் கொடியைப் பிடித்துக்கொண்டு சில இளைஞர்கள் சிரிப்பார்கள். 1999 ஜூன் 13-இல் தோலோலிங், ஜூலை 4-இல் டைகர் ஹில். அந்த உச்சிகளைப் பிடிக்க ஏறியவர்களைப் பற்றி நான் பேசி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 527 பேர் உயிரைக் கொடுத்தார்கள். இன்று காலை முதல் இந்த மேடையில் அவர்களைப் பற்றித்தான் பேச்சு. அது சரிதான். நான் கொஞ்சம் கீழே இறங்கி, அந்த மலைகளின் அடிவாரத்தில் போகிற சாலைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் அந்தச் சாலையில் லாரி ஓட்டினார்.

பட்டாளத்துக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், குண்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏ.எஸ்.சி. பிரிவில் அவர் ஓட்டுநர். போஃபர்ஸ் பீரங்கியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டினோமே, அந்தப் பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை நாற்பது கிலோவுக்கு மேல். பீரங்கிக் குண்டு, மார்ட்டர், ராக்கெட் எல்லாம் சேர்த்து அந்தப் போரில் நம் தரப்பில் சுட்டது சுமார் இரண்டரை லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். குண்டு தானாக மலை ஏறுவதில்லை. யாரோ ஏற்ற வேண்டும், யாரோ ஓட்ட வேண்டும், யாரோ இறக்க வேண்டும்.

ஸ்ரீநகரிலிருந்து லே போகிற சாலை சோனாமார்க் தாண்டியதும் ஜோஜிலா கணவாயில் ஏறுகிறது. ஏறத்தாழ 11,500 அடி உயரம். அந்தப் பக்கம் இறங்கினால் திராஸ். திராஸுக்கு மேலே தோலோலிங் உச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தான். சாலையில் எது நகர்ந்தாலும் அவனுக்குத் தெரியும். தெரிந்தால் பீரங்கிக்குச் சொல்லிவிடுவான். அதனால் இரவில்தான் வண்டிகள் போகும். முகப்பு விளக்கைப் போடக் கூடாது.

"விளக்கில்லாமல் எப்படி ஓட்டினீர்கள்?" என்று நான் கேட்டது போர் முடிந்து பல வருடம் கழித்துத்தான். அதுவரை கேட்கத் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டாள லாரியின் பின் அச்சின் நடுவில் உருண்டையாக ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும் அல்லவா, அதற்கு வெள்ளை பூசியிருப்பார்கள். அதற்கு மேலே, வெளியில் யாருக்கும் தெரியாதபடி மறைவாகச் சின்னதாக ஒரு பல்பு. பின்னால் வருகிற ஓட்டுநருக்கு அந்த வெள்ளை மட்டும்தான் தெரியும். அது இடப்பக்கம் போனால் இவரும் இடப்பக்கம். அது நின்றால் இவரும் நிற்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவான். ஓரத்துக்கு அப்பால் பள்ளத்தாக்கு. வண்டியில் இருப்பது குண்டு.

"முன்னால் போகிறவன் பள்ளத்தில் விழுந்தால்?" என்று கேட்டேன். "நானும் அவன் பின்னாலேயே போவேன், வேறென்ன?" என்றார். சொல்லிவிட்டுக் காபி ஆறுகிறது என்று எடுத்துக் குடித்தார்.

சாலை முடிகிற இடத்தில் லாரியின் வேலை முடிந்தது. அங்கிருந்து கோவேறு கழுதைகள். கழுதைக்கும் கால் வைக்க இடமில்லாத பாறைகளில் மனிதர்களின் முதுகு. லடாக்கின் ஊர்களிலிருந்து வந்தவர்கள் குண்டையும் தண்ணீரையும் ரொட்டியையும் சுமந்து ஏறினார்கள். இறங்கும்போது காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தார்கள். அவர்களுக்குச் சீருடையும் இல்லை, கையில் துப்பாக்கியும் இல்லை. இந்தப் போரின் முதல் செய்தியைக் கொடுத்ததே ஓர் ஆடு மேய்ப்பவர்தானே. பட்டாலிக் பக்கம் கார்கோன் என்ற ஊரைச் சேர்ந்த தாஷி நம்கியால். காணாமற்போன யாக் மாட்டைத் தேடித் தொலைநோக்கியோடு மலையேறியவர், மே மாதத் தொடக்கத்தில், யாரோ பதுங்குகுழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு வந்து ராணுவத்திடம் சொன்னார். 2024 டிசம்பரில் அவர் காலமானார். அவர் பெயராவது செய்தித்தாளில் வந்தது. சுமை தூக்கியவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றால் இந்த அரங்கத்தில் யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

பிள்ளைகளே, இங்கிருந்து அதிக தூரமில்லை, திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவனுக்காக எடுத்த கல். அந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். சும்மா அழகுக்கு அல்ல. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கூட நின்ற நாய்க்கும் பெயர் போட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

அதே கையோடு வேலூர் லாங்கு பஜாரில் இருக்கிற மணிக்கூண்டுக்குப் போங்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் கல் பதித்திருக்கிறது. எண்ணிக்கை மட்டும்தான். அந்தப் பதினான்கு பேரின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று யார் எழுதினார்கள்? நான் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லை நிமிர்ந்து பார்ப்பேன். வெள்ளைக்காரன் மேல் எனக்கு வேறு கோபங்களும் உண்டு; அதில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

இனி வீட்டுப் பக்கம் வருகிறேன்.

அன்றைக்குக் கைபேசி கிடையாது. இன்லண்டு லெட்டர்தான். முகவரியில் அவருடைய எண், பெயர், யூனிட், கடைசியில் ராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கிற "56 ஏ.பி.ஓ." என்று எழுத வேண்டும். ஆள் பஞ்சாபில் இருந்தாலும் பனிமலையில் இருந்தாலும் எழுதுகிற முகவரி ஒன்றுதான். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் திராஸ் என்று சொன்னால் திராஸில் இருப்பார் என்று பயப்படுவேன். பட்டாலிக் என்றால் பட்டாலிக்கில். இந்தியாவில் வீட்டுக்குள் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்த முதல் போர் அதுதான் என்பார்கள். பக்கத்து வீட்டில் இருபது பேர் பார்ப்போம். மற்றவர்களுக்கு அது செய்தி. என் மாமியார் பாதியில் எழுந்து வந்துவிடுவார். வந்து, தேய்த்து வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் தேய்ப்பார். அந்த வருடம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்ததுபோல் என்றைக்கும் பளபளத்ததில்லை.

எங்கள் தபால்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தந்தி என்ற வார்த்தைக்கே ஊர் நடுங்கிய காலம். யாருக்காவது தந்தி வந்தால் அவர் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தி, "நல்ல சேதிதான், நல்ல சேதிதான்" என்று கத்திக்கொண்டுதான் உள்ளே நுழைவார். விதிப்படி தந்தியைப் படித்துவிட்டுச் சொல்லக் கூடாதாம். விதி எழுதியவர் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை.

திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணனை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீகார் ரெஜிமெண்ட். மே 29-இல் பட்டாலிக் பகுதியில் இறந்தார். பின்னர் வீர் சக்ரா கொடுத்தார்கள். அவருடைய உடலை எடுக்க முடியாமல் ஒரு மாதத்துக்கும் மேல் அந்தப் பனியிலேயே கிடந்தது. அவர் மலையில் செய்ததை நாடு பேசுகிறது. அந்த ஒரு மாதத்தை அவர் வீட்டில் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். இறந்துவிட்டான் என்று தெரியும், வரவில்லை. சடங்கும் செய்ய முடியாது.

முந்தைய போர்களில் பெரும்பாலும் உடலை அங்கேயே எரித்துவிட்டுப் பெட்டியைத்தான் ஊருக்கு அனுப்புவார்கள். கார்கிலில்தான் சொந்த ஊர் வரைக்கும் உடலைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கி மரியாதை, மந்திரி, கூட்டம். அது வேண்டும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருப்பது ஒரு கோப்பு.

அந்தக் கோப்பைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். இறந்தவரின் மனைவிக்கு வருகிற ஓய்வூதியம் ஒரே மாதிரி இல்லை. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியின் காரணமாக இறந்தார் என்று ஏற்றுக்கொண்டால் சிறப்பு ஓய்வூதியம், 60 சதவீதம். போரில் இறந்தார் என்றால் கடைசிச் சம்பளம் முழுவதும். இறந்தவர் ஒருவர்தான்; எந்த வகை என்று ஒரு குமாஸ்தா எழுதுகிற வரியில் அந்தக் குடும்பத்தின் அரிசி இருக்கிறது. குண்டு பட்டால் கேள்வி இல்லை. வண்டி கவிழ்ந்தால், மூச்சுத் திணறினால், மாரடைப்பு வந்தால் கேள்வி மேல் கேள்வி. சியாச்சினில் 1984 முதல் இன்று வரை எதிரியை விடப் பனியும் காற்றில்லாத உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரியில் பனிச்சரிவில் புதைந்து இறந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியன் முகாமில் இருந்தவர்கள். நம் மாவட்டத்துக்காரரும் அதில் இருந்தார்.

இன்னொன்று. வீர விருது பெற்றவரின் விதவைக்கு விருதோடு ஒரு மாதப்படி உண்டு. அவள் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். இறந்தவரின் தம்பியையோ அண்ணனையோ கட்டிக்கொண்டால் மட்டும் நிற்காது. இப்படியும் ஒரு விதி இந்த நாட்டில் இருந்தது. 2017-இல்தான் அதை எடுத்தார்கள். கார்கிலில் இருபது வயதில் தாலி அறுத்தவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவன் காட்டிய வீரத்துக்கான காசை, கொழுந்தனைக் கட்டினால்தான் தருவேன் என்பதை எந்தப் பெரிய மனிதர் உட்கார்ந்து எழுதினாரோ!

போரில் எதிர்ப்பக்கமும் பெண்கள் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, நான் பட்டாளத்துக்காரர் மனைவி, எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது. பாகிஸ்தான் அனுப்பிய வடக்கு இலகு காலாட்படைக்காரர்கள் கில்கிட், ஸ்கர்டு பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் எங்கள் சிப்பாய்களே இல்லை என்று அவர்கள் அரசாங்கம் முதலில் சொன்னது. பல உடல்களை வாங்கிக்கொள்ளவும் முன்வரவில்லை. நம் ராணுவம்தான் அவர்கள் மதமுறைப்படி அடக்கம் செய்தது. ஸ்கர்டுவில் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்குத் தெருமுனையில் நின்று கத்துகிற தபால்காரர்கூட வாய்த்திருக்க மாட்டார்.

இலங்கைக்குப் போன அமைதிப்படையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 முதல் 1990 வரை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பட்டதும் கொஞ்சமல்ல. அதனால் திரும்பி வந்தவர்கள் இங்கே வாய் திறக்கவே இல்லை. என் நாத்தனார் கணவர் அதில் இருந்தார். எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டால், கொல்லைப்புறம் எழுந்து போய்விடுவார். அந்தப் போருக்கு இப்படிக் கூட்டம் போட்டுப் பேச எங்களுக்கு ஒரு நாள் இல்லை. வெற்றி நாள் என்று கொண்டாட முடியாத போருக்குப் போனவனும் அதே சம்பளத்துக்குத்தான் போனான்.

என் வீட்டுக்காரர் முழு உடலோடு திரும்பி வந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில்தான் உட்காருவார். இரவுப் பயணம் என்றால் கண்ணை மூட மாட்டார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும், அங்கே பிரேக் இருப்பதுபோல. பக்கத்தில் இருக்கிற எனக்கும் தூக்கம் கிடையாது. இதற்கு எந்த மருத்துவச் சான்றிதழிலும் இடமில்லை.

கடைசியாக, இந்தக் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். பட்டாளத்து ஓய்வூதியம் எல்லாம் இப்போது இணையத்துக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். எழுபது, எண்பது வயது விதவைகளுக்குக் கடவுச்சொல் என்றால் என்னவென்றே தெரியாது. கைரேகை வைத்தால் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. வயல்வேலை செய்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? எங்கள் ஊரில் நாங்கள் நாலைந்து பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாயத்துக் கட்டடத் திண்ணையில் உட்கார்ந்து இவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். கணினி தெரிந்தவர்கள் போதவில்லை. விருப்பமுள்ளவர்கள் உங்கள் பேராசிரியையிடம் பெயர் கொடுங்கள். மடிக்கணினி இருந்தால் எடுத்து வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர்தான். கணவரின் பணி ஆவணத்தில் முனியம்மாள் என்று இருக்கும், ஆதாரில் முனியம்மா என்று இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் பணம் நின்றுபோனவர்கள் அங்கே காத்திருப்பார்கள். அவர்களிலிருந்து தொடங்கலாம்.