கரையில் பேசுவது கோட்டைக்கும் போகட்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும் வரைக்கும் என் முன்னால் இருப்பது ஒரு கணினி, ஒரு விரல்ரேகைக் கருவி, பிறகு வரிசையில் நிற்கும் நம் சனங்கள். புதிதாக எந்தச் சட்டம் வந்தாலும், எந்தச் செயலி வந்தாலும், அதன் நல்லது கெட்டது முதலில் தெரிவது இந்த மாதிரி இடத்தில்தான். அந்த உரிமையில் இன்று உங்களோடு பேசுகிறேன்.

மீன் ஏலம் முடிந்த பிறகு டீக்கடையில் உட்கார்ந்து நாம் பேசாத விஷயம் இல்லை. மீன்பிடித் தடைக்காலம், டீசல் மானியம், ஆதார், எல்லை, படகில் மாட்டும் கருவி என்று எல்லாம் வரும். அங்கே சொல்லப்படும் கருத்துகளில் பல, சட்டம் எழுதுகிறவர்களின் மேசையில் இருக்க வேண்டியவை. ஆனால் டீக்கடையை விட்டு அவை வெளியே போவதில்லை. இதுதான் என் மனக்குறை. இதை மாற்ற வழி இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன ஆனி மாதம் நடந்தது ஒன்று. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன நாள். ஓர் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்லூரிச் சேர்க்கைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பிக்க வேண்டுமென்றால் பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி வரும், அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். வீட்டில் பதிவு செய்திருந்தது கணவரின் எண். போன் அவரோடு படகில் இருக்கிறது. நடுக்கடலில் டவர் கிடையாது. மூன்று முறை ஓடிபி அனுப்பினேன், மூன்றும் காலாவதியாகிப் போனது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா சொன்னார்: “கடலுக்குப் போறவுக வீட்டுல ரெண்டு நம்பர் பதிஞ்சுக்க விட்டா என்ன?”

சரியான கேள்வி. குறையும் அதில் இருக்கிறது, தீர்வும் அதில் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்கு, குடும்பத்தின் ஒரே போன் ராத்திரி முழுக்க டவர் இல்லாத இடத்தில் இருக்கும் என்பது தெரிய வாய்ப்பில்லை. தனுஷ்கோடி பக்கம் போனால் போனில் இலங்கை டவர் எடுப்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. யாராவது எழுதிச் சொன்னால்தானே தெரியும்?

அப்புறம் கடல்பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பாறையில் ஒட்டிக் கிடக்கும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கிப் பறிக்கிறார்கள். துணியையும் மீறிப் பாறை அறுக்கும். வருசக்கணக்காக இந்த வேலை செய்தவர்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? ரேகை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பும் வெட்டுத் தழும்பும்தான் இருக்கும். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். கையைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி வைத்துப் பார்ப்போம். மறுபடியும் சிவப்புதான்.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, ரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்கு உதவி மறுக்கப்படக் கூடாது, வேறு வழியில் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கண் கருவிழியைப் பதிவு செய்யும் கருவியும் வரத் தொடங்கியது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் ‘ரேகை விழல, போயிட்டு நாளைக்கு வாங்க’ என்று சொல்லப்படும்போது, ‘வேறு வழி இருக்கு, அதைச் செய்யுங்க’ என்று திருப்பிச் சொல்லலாம் என்பது நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளுங்கள். தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி படகுக்கு வருவோம். மத்திய அரசு ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இஸ்ரோவின் தொழில்நுட்பம். டவர் இல்லாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், வரும். புயல் எச்சரிக்கை வரும், சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் தகவல் வரும், ஆபத்தென்றால் கரைக்குச் சொல்லலாம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பக்கம் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அந்தச் சாவுகளை நினைத்தால், இந்தக் கருவி வேண்டாம் என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

ஆனாலும் நம் கரையில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ‘படிக்காதவர்கள் பயப்படுகிறார்கள்’ என்று தள்ளிவிடுவதை நான் ஏற்க மாட்டேன். படகு எங்கே நிற்கிறது என்பது கரையில் இருக்கிற யாருக்கெல்லாம் தெரியும்? எவ்வளவு காலம் அந்தப் பதிவை வைத்திருப்பார்கள்? பாக் நீரிணை மாதிரி ஒடுக்கமான கடலில், இன்ஜின் பழுதாகி நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன படகையும், தெரிந்தே எல்லை தாண்டிய படகையும் அந்தப் புள்ளி ஒரே மாதிரிதானே காட்டும்? அதை வைத்து மானியத்தை நிறுத்துவார்களா? இவற்றுக்குத் தமிழில், எழுத்தில் பதில் வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, ஒருவரின் தகவலைப் பெற ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. ஆகவே தமிழில் கேட்பது நம் உரிமை, யாரும் நமக்குச் செய்யும் தயவு இல்லை.

நம் சனங்களுக்குச் சட்டம் எழுதத் தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுக்கு, அதைத் தாண்டி விசைப்படகுக்கு என்று பிரித்தது. ஆழமில்லாத, அகலமில்லாத பாக் நீரிணையில் தூரத்தை வைத்து மட்டும் சண்டையைத் தீர்க்க முடியவில்லை. விசைப்படகின் மடி, அதாவது இழுவலை, நாட்டுப்படகுக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். ஒரு ராத்திரியில் பல ஆயிரம் ரூபாய் வலை காணாமல் போகும். கைகலப்பு வரும், படகுகள் எரியும். கடைசியில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி வந்த ஏற்பாடுதான் மூன்று நாள், நான்கு நாள். ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. சட்டம் கடலைத் தூரத்தால் பிரித்தது. நம் கரை அதைக் கிழமையால் பிரித்தது. மீறல்கள் உண்டு, இன்றைக்கும் சச்சரவு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மீன் துறை கடலுக்குப் போகத் தரும் அனுமதி டோக்கனைக் கிழமை பார்த்துக் கொடுக்கிற அளவுக்கு அந்த ஏற்பாடு நிலைத்திருக்கிறது. இந்தக் கடலையும் இந்த வலையையும் அறிந்தவர்கள் பேசிச் செய்தது என்பதால்தான் நிலைத்தது என்பது என் எண்ணம்.

பாசிப் பெண்களையும் இதில் சேர்க்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானபோது, தலைமுறையாகப் போய்வந்த இடங்கள் அவர்களுக்குத் தடைப்பட்டன. வனத்துறையோடு வருசக்கணக்கில் மோதல். அதற்கு நடுவிலும் மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, பவளப்பாறையைச் சேதப்படுத்தாமல் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாவுக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த அறிவு நம் மாவட்ட அலுவலகங்களுக்கும் தெரிய வேண்டாமா?

சரி, எங்கே போய்ச் சொல்வது? மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவரும் முன் அதன் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. எளிய மொழியில் விளக்கக் குறிப்பும் சேர்க்க வேண்டும். நடைமுறையில் இது எல்லா நேரமும் ஒழுங்காக நடப்பதில்லை. நடக்கும்போதும் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏதோ ஓர் இணையதளத்தின் மூலையில் கிடக்கும், 30 நாளும் ஓடிவிடும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோதும் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. ஒருவர் வழக்குப் போட்டார். எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்துச் சொல்லும் காலத்தையும் நீட்டியது. ஒருவர் கேட்டதால் வந்த உத்தரவு இது. அடுத்த வருசம் இந்தியக் கடல் மீன்வள மசோதா வரப்போகிறது என்றதும் கரையோரம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கூட்டத்தொடரில் அது தாக்கலாகவே இல்லை.

கேட்காமலே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டமே பார்த்தது. ராமநாதபுரத்தில் 20 இடங்களில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்திருக்கிறது என்ற செய்தி 2025இல் வெளியே வந்தபோது நாம் திடுக்கிட்டோம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்ததா என்றால் இல்லை. 2020 சனவரியில் செய்த ஒரு திருத்தத்தால் ஆய்வுக் கிணறுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றாகிவிட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. நல்லது. ஆனால் அந்தத் திருத்தம் வந்த அன்றைக்கு நம்மில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு வரித் திருத்தம்தான். நம் தலைக்கு மேலே போய்விட்டது.

எழுதும்போது எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். ‘வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது’ என்று மட்டும் எழுதினால் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. எந்தக் கரை, எத்தனை பாகம் (சுமார் ஆறடி ஒரு பாகம்) ஆழம், என்ன வலை, எந்த மாதத்தில் எந்தக் காற்று, அந்தக் காற்றில் என்ன மீன் படும் என்று எழுதுங்கள். கிழக்குக் கரையின் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். இதை மழைக்காலத்துக்கு மாற்ற வேண்டும் என்று நம்மில் பலர் பேசுகிறோம். அப்படியென்றால் வாடைக்காற்றில் எந்த மீன் சினையோடு படுகிறது என்பதை மூன்று வருசம் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஆவேசத்தை விட அந்த நோட்டைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். உங்கள் கருத்து தவறு என்று அந்த நோட்டே காட்டினாலும் சரி, அதுவும் நமக்குத் தெரிய வேண்டியதுதான்.

எழுதியதற்குப் பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். என் மனு யார் மேசையில் இருக்கிறது, அதன் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். நம் ஊரில் ஒருவர் படகு விபத்து நிவாரணத்துக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தார். ஓர் அலுவலகத்தில் கோப்பைக் காணவில்லை என்றே சொல்லிவிட்டார்கள். தகவல் உரிமை மனு போன பிறகு கோப்பு கிடைத்தது, பணமும் வந்தது.

அதிகாரிகள் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் திங்களோ புதனோ வைக்காதீர்கள், விசைப்படகுக்காரர் வர முடியாது. பாசிப் பெண்களைக் கூப்பிடுவதாக இருந்தால் அவர்கள் கடலில் இறங்கும் நாள் எது என்று முதலில் கேளுங்கள். வரைவுச் சட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தை ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதைப் படித்துச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு செயலியை வெளியிடும் முன் அதை ஒரு ராத்திரி படகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கிராம ஊராட்சிகளில் இருக்கும் நேயர்களே, வருசத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மே 1 தடைக்காலத்துக்குள் வருகிறது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள். அன்றைக்குக் குடும்பத்தோடு போங்கள். ஓடிபிக்கு இரண்டு எண், ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி, படகுக் கருவி பற்றித் தமிழில் எழுத்து மூலமான விளக்கம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் தீர்மானப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள், நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் என் மையத்துக்கு வாருங்கள், காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். வணக்கம்.