யூசர் டைப் பண்றதை அப்படியே ஒட்டாதீங்க

வணக்கம் நேயர்களே. வெப்சைட்ல பேரு, போன் நம்பர்னு கேக்குற பெட்டி இருக்குல்ல, அதுல நாம டைப் பண்றது உள்ள போய் என்ன ஆகுதுன்னுதான் இன்னிக்கு பேசப்போறேன், ப்ரோகிராம் எழுதுற தம்பி தங்கச்சிங்க கொஞ்சம் கவனமா கேளுங்க.

யூசர்நேம் குடுத்தா, இந்தப் பேருல யாராவது இருக்காங்களான்னு சர்வர்லேருந்து, விவரமெல்லாம் சேத்து வச்சிருக்கற டேட்டாபேஸுக்கு ஒரு க்வெரி, அதாவது ஒரு கேள்வி, போகும். அந்த க்வெரிய நெறைய பேரு எப்படி எழுதுறாங்கன்னா, யூசர் அடிச்சதை அப்படியே நடுவுல ஒட்டிடறாங்க. இப்ப ஒருத்தன் கமாவை மேல தூக்கி வச்ச மாதிரி இருக்குமே அந்த சிங்கிள் கோட், அதைப் போட்டு, பின்னாடியே "அல்லது ஒண்ணும் ஒண்ணும் சமம்"னு டேட்டாபேஸுக்குப் புரியற மொழியான எஸ்க்யூஎல்ல எழுதினா, பேரு அந்தக் குறியோட முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிட்டு மிச்சத்தை கட்டளையா ஓட்டிடும் டேட்டாபேஸ், ஒண்ணும் ஒண்ணும் எப்பவும் சமம்தானே, மொத்த பேரும் வெளிய வந்துடுவாங்க. இதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன்.

2015 அக்டோபர்ல பிரிட்டன்ல டாக்-டாக்ங்கற டெலிகாம் கம்பெனியில இப்படித்தான் 1,56,959 வாடிக்கையாளர்களோட விவரம் போச்சு, அதுல 15,656 பேருக்கு பேங்க் அக்கவுண்ட் நம்பரும் சேர்ந்து போச்சு. 2009ல டிஸ்காலியோட பிரிட்டன் பிசினஸை வாங்கினப்போ கூடவே வந்த பழைய பக்கங்கள்லதான் ஓட்டை, அப்படி பக்கங்கள் இருக்கறதே அவங்களுக்குத் தெரியல! அதே வருஷம் ஜூலையிலயே அதே ஓட்டை வழியா ஒரு தடவ நுழைஞ்சிருக்காங்க, அப்பவும் யாரும் பாக்கல. மறுவருஷம் 4 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டாங்க, சரி, ஆனா பிறந்த தேதியும் அட்ரஸும் வெளிய போனவங்க அதை எப்படி திரும்ப எடுப்பாங்க?

இதுக்கு வழி ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். க்வெரி தனியா போகும், யூசர் குடுத்தது தனியா வெறும் மதிப்பா போகும், அதுல என்ன எழுதியிருந்தாலும் கட்டளையா ஓடாது. சிங்கிள் கோட்டையே தடை பண்ணிடலாமேன்னு சில பேர் சொல்வாங்க, அப்போ ஓ'பிரையன்னு பேரு வச்சவங்க எங்க போவாங்க?

தடை போடறது எவ்வளவு தூரம் தாங்கும்னு 2005லயே பாத்தாச்சு. மைஸ்பேஸ்ங்கற சோஷியல் நெட்வொர்க்ல, யாரும் பக்கத்துக்குள்ள கட்டளை எழுதி ப்ரௌசர்ல ஓட்டிடக் கூடாதுன்னு "ஜாவாஸ்கிரிப்ட்"ங்கற வார்த்தையையே தடுத்து வச்சிருந்தாங்க, சாமி கம்கார்ங்கற ஒருத்தர் அந்த வார்த்தையை ரெண்டா உடைச்சு பாதியை அடுத்த வரியில போட்டாரு, சில ப்ரௌசர் அதை சேத்து ஓட்டிடுச்சு, அவரு எழுதின கோடு ஒரு நாளைக்குள்ள 10 லட்சம் ப்ரொஃபைலுக்கு மேல பரவிடுச்சு. அதனால யூசர் எழுதினதை திரையில காட்டுற இடத்துல கட்டாயம் எஸ்கேப் பண்ணுங்க, அதாவது ப்ரௌசர் அதை கட்டளையா ஓட்டாம வெறும் எழுத்தா காட்டுற மாதிரி அதுல இருக்கற குறிகளை மாத்திடுங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க ப்ராஜெக்ட்ல ஒட்டி எழுதுன க்வெரி எங்கெங்க இருக்குன்னு தேடுங்க, யாரும் தொடாம கெடக்குற பழைய பக்கத்துலேருந்து ஆரம்பிங்க. நன்றி, வணக்கம்.